பிலிப்பைன் மக்கள் ஸ்பானியம் படித்த வரலாறு

சிங்கப்பூர் ஆற்றங்கரையில், ஆசிய நாகரிக அரும்பொருளகத்தை அடுத்த புல்வெளியில், டாக்டர் ஹோசே ரிசாலுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அவ்வழியே செல்வோர் பலர். நின்று பார்ப்போர் சிலர். 1882ஆம் ஆண்டு மே திங்களில், மேற்படிப்புக்காக ஐரோப்பா செல்லும் வழியில், 20 வயது இளைஞராக அவர் இந்நகரில் வந்திறங்கினார். பின்னர் 1892 மார்ச்சில் சபாவின் சண்டாக்கானுக்கும் வந்தார். தம் நாட்டில் நிலத்தை இழந்த குடும்பங்களை அங்கே குடியேற்ற இயலுமா என்று ஆராய்வதே அப்பயணத்தின் நோக்கம். ஸ்பானிய ஆளுநர் இசையாததால் அம்முயற்சி கைகூடவில்லை. 1896 டிசம்பர் 30ஆம் நாள் மணிலாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ரிசாலின் தாய்மொழி தகலோகு. ஆயினும் அவர் தம் மக்களுக்காக எழுதிய இரு பெரும் புதினங்களும், மரணத்தின் முன்னிரவில் அடுப்பொன்றினுள் மறைத்து வைத்துக் குடும்பத்தாரிடம் சேர்ப்பித்த இறுதிப் பாடலும் ஸ்பானிய மொழியில் அமைந்தவை. யாருக்காக எழுதினாரோ அந்த மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஸ்பானியம் படிக்கத் தெரியாது! ஸ்பெயின் அத்தீவுகளில் நிலையாகக் கால் வைத்தது 1565இல்; வெளியேறியது 1898இல். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட ஒரு நாட்டின் மொழியைப் படிக்க அம்மக்கள் ஏன் கற்கவில்லை? கற்க விரும்பியோர் என்ன பாடுபட்டனர்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரை.

வாய்க்கு எளிது

மொழி கடினமானது, அதனால் கற்கவில்லை என்று கூற இடமில்லை. ஐரோப்பிய மொழிகளுள் புதிதாகப் படிக்கத் தொடங்குவோருக்கு மிக எளிதானவற்றுள் ஸ்பானியமும் ஒன்று. அதில் உயிரொலிகள் ஐந்தே: அ, எ, இ, ஒ, உ. எந்தச் சொல்லில் வந்தாலும் அவை பெரும்பாலும் தம் ஒலி மாறுவதில்லை. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்குப் பல ஒலிகளும் ஓர் ஒலிக்குப் பல எழுத்துகளும் இருந்து மாணவனை மயக்குவது போல ஸ்பானியம் மயக்குவதில்லை. ஒலிக்காத ஹகரம், ஒரே ஒலியுடைய இரண்டு பகரங்கள் போன்ற சில விதிகளை மனத்தில் கொண்டால் போதும், எழுதியவாறே படிக்கலாம்.

இந்த எளிமை தானே வந்ததன்று. அறிஞர் பலர் முயன்று அமைத்தது. 1492ஆம் ஆண்டில் ஸ்பானிய மொழியின் முதல் இலக்கணத்தை இயற்றிய அந்தோனியோ தெ நெப்ரிகா, பேசுவது போலவே எழுத வேண்டும், எழுதியது போலவே படிக்க வேண்டும் என்னும் கொள்கையை வலியுறுத்தினார். 1713இல் மாட்ரிட் நகரில் அரசக் கழகம் தோன்றியது. அது 1741இல் எழுத்திலக்கண நூலொன்றை வெளியிட்டது. 1754இல் வினா வாக்கியத்தின் தொடக்கத்திலேயே தலைகீழான வினாக்குறியை இடும் முறையை வகுத்தது. படிப்பவன் வாக்கியத்தின் இறுதிக்குச் சென்ற பிறகுதான் அது வினா என்று அறிந்து திரும்பி வர வேண்டியதில்லை. முதலிலேயே குரலை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். 1815இல் ஒலியையும் எழுத்தையும் மேலும் நெருங்க வைத்தனர்.

எனவே, சில வாரப் பயிற்சியிலேயே ஒருவர் ஸ்பானியப் பக்கமொன்றை உரக்கப் படித்துவிட முடியும். ஆனால் வாய் படித்துவிட்டதாலேயே மனம் படித்துவிட்டது என்று கொள்ளலாகாது. ஒலிக்கக் கற்பது வேறு. உணரக் கற்பது வேறு. பிலிப்பைன் மக்களின் வரலாறு முழுவதும் இவ்வேறுபாட்டின்மீது நிற்பதைக் காண்போம்.

புள்ளி இல்லாத எழுத்து

ஸ்பானியர் வந்தபோது தகலோகு மக்கள் எழுத்தறியாதவராக இருக்கவில்லை. 'பாய்பாயின்' என்னும் எழுத்துமுறை அவர்களிடம் இருந்தது. பழைய இந்திய எழுத்துகளின் வழிவந்த அது நம் தமிழெழுத்துக்குத் தூரத்து உறவு. மூன்று உயிரும் பதினான்கு மெய்யுமாகப் பதினேழு எழுத்துகள். ஒவ்வொரு மெய்யெழுத்தும் தன்னுள் அகரம் ஏறியே நிற்கும். மேலே ஒரு குறியிட்டால் இகரமோ எகரமோ ஆகும். கீழே இட்டால் உகரமோ ஒகரமோ ஆகும்.

ஆனால் நாம் இயல்பாகக் கொண்டுள்ள ஒன்று அதில் இல்லை, அதுதான் புள்ளி. தனி மெய்யைக் காட்ட அவர்களிடம் வழியில்லாததால், சொல்லின் இறுதி மெய்யை எழுதாமலே விட்டுவிடுவர். மலையைக் குறிக்கும் 'புந்தோக்' என்னும் சொல் எழுத்தில் 'புதோ' என்ற அளவிலேயே நிற்கும். விடுபட்டதைப் படிப்பவர் தம் மொழியறிவால் நிரப்பிக்கொள்வார். நம் 'கல்', 'கண்', 'கள்' ஆகிய மூன்றையும் வெறும் 'க' என்றே எழுதினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் இதன் இடர் விளங்கும். தெரிந்த மொழியைப் படிக்க அது போதுமானதாக இருந்தது. தெரியாத மொழியைப் படிக்கப் போதாது. 1620ஆம் ஆண்டளவில் பிரான்சிஸ்கோ லோப்பஸ் என்னும் பாதிரியார் எழுத்தின் கீழ்ச் சிலுவை வடிவக் குறியொன்றை இட்டு இக்குறையைத் தீர்க்க முயன்றார். நம் புள்ளி செய்யும் வேலையையே அக்குறி செய்தது. எனினும் அது மக்கள் வழக்கில் நிலைக்கவில்லை. நாளடைவில் உரோமன் எழுத்தே வென்றது.

1593இல் மணிலாவில் அச்சான 'தொக்திரினா கிறிஸ்தியானா' என்னும் வேத போதக நூல் இந்த இடைக்காலத்தை நம் கண்முன் நிறுத்துகிறது. ஸ்பானியம், உரோமன் எழுத்தில் தகலோகு, பாய்பாயின் எழுத்தில் தகலோகு என மூவகையாக அது அச்சிடப்பட்டது. அதன் பிரதிகள் அனைத்தும் அழிந்துபோயின என்றே கருதப்பட்டிருந்த வேளையில், 1946இல் பாரிஸ் நகரில் ஒரே ஒரு பிரதி கிடைத்தது. இன்று அது அமெரிக்கப் பாராளுமன்ற நூலகத்தில் உள்ளது.

அச்சுத் தொழிலாளி எழுதிய நூல்

பாத்தான் மாகாணத்தின் அபுக்காய் என்னும் ஊரில் பிறந்தவர் தோமாஸ் பின்பின். தொமினிக்கத் துறவியரின் அச்சுக்கூடத்தில் தொழில் பயின்றவர். 1610ஆம் ஆண்டில் பிரான்சிஸ்கோ பிளாங்காஸ் தெ சான் ஹோசே என்னும் துறவி எழுதிய தகலோகு இலக்கணம் இவர் கையால் அச்சாயிற்று. அந்நூல் ஸ்பானியப் பாதிரிமார் தகலோகு கற்பதற்காக எழுதப்பட்டது.

அதே ஆண்டில் பின்பின் அந்த வழியைத் திருப்பிவிட்டார். தகலோகு மக்கள் ஸ்பானியம் கற்பதற்கென ஒரு நூலைத் தாமே எழுதி வெளியிட்டார். பிலிப்பைன்காரர் ஒருவர் எழுதி அச்சேறிய முதல் நூல் இதுவே என்பர். துறவியர் தம் மக்களின் மொழியைக் கற்க நூல் இருக்கையில், அவர்கள் மொழியைத் தம் மக்கள் கற்க நூல் ஏன் இருக்கக் கூடாது? தம் மொழி எழுத்தை ஒவ்வொன்றாகக் கோத்துப் பிறருக்குப் பாடநூல் ஆக்கித் தந்த கை, இந்த வினாவை எழுப்பியதில் வியப்பில்லை.

பின்பின் தம் முன்னுரையில் நாட்டவரை நோக்கி ஒரு நண்பரைப் போலப் பேசுகிறார். உடையிலும் நடையிலும் ஸ்பானியரைப் பின்பற்றுகிறீர்களே, அவர்கள் மொழியை அறியாவிட்டால் அவையெல்லாம் வெறும் புறத்தோற்றந்தானே என்பது அவர் கருத்தின் சாரம். பாடங்களுக்கிடையே அவர் இயற்றிய பாடல்களில் தகலோகும் ஸ்பானியமும் மாறி மாறி வருகின்றன. தெரிந்ததன் தோளைப் பிடித்துக்கொண்டு தெரியாததை நோக்கி அடி வைக்கும் முறை அது. மழலைக்குப் பாட்டாகப் பாடிப் பாடம் புகட்டும் நம் வழக்கத்தையும் அது நினைவூட்டுகிறது.

அவர் மாணவர்களுக்கு இருந்த இடர்கள் உண்மையானவை. தகலோகில் அக்காலத்தில் இகரமும் எகரமும், உகரமும் ஒகரமும் பொருளை வேறுபடுத்துவதில்லை. ஸ்பானியத்தில் அவை மாறினால் சொல்லே மாறிவிடும். தகலோகில் ஃபகர ஒலியும் இல்லை. மன்னர் ஃபெலிப்பேயின் பெயரால் அமைந்த 'ஃபிலிப்பினாஸ்' என்பது அம்மக்கள் வாயில் 'பிலிப்பினாஸ்' ஆனது இதனாலேயே.

ஆணை ஏட்டில் நின்றது

பின்பின் காட்டிய வழியில் ஆயிரம் பேர் நடந்திருந்தால் வரலாறு வேறாகியிருக்கும். நடக்கவில்லை. அரசு தடுத்ததா என்றால், ஏட்டளவில் அதற்கு நேர்மாறு. வென்ற நாட்டின் மொழியும் பேரரசோடு செல்லும் என்று நெப்ரிகாவே தம் இலக்கணத்தின் முன்னுரையில் அரசி இசபெல்லாவுக்கு எடுத்துரைத்திருந்தார். கடல் கடந்த குடிகளுக்கு ஸ்பானியம் கற்பிக்க வேண்டுமென 1550இல் ஐந்தாம் சார்லஸ் மன்னர் ஆணையிட்டார். 1770இல் மூன்றாம் சார்லஸ் மன்னர் அதனை இன்னும் கடுமையாக்கினார்.

ஆயினும் மணிலாவிலிருந்து மாட்ரிட் இரு பெருங்கடல்களுக்கு அப்பால் இருந்தது. தீவுகளில் குடியேறிய ஸ்பானியர் மிகச் சிலர்; ஊருக்கு ஒரு ஸ்பானியர் இருந்தால் அவர் பங்குப் பாதிரியாராகவே இருப்பார். 1582இல் கூடிய மணிலாத் திருச்சபை மன்றம், மக்களுக்கு அவரவர் மொழியிலேயே சமயம் போதிப்பது என்று முடிவு செய்தது. அதனை வஞ்சகம் என்று சொல்லிவிட முடியாது. இலட்சக்கணக்கானோர் ஓர் அயல்மொழியைக் கற்பதைக் காட்டிலும் சில நூறு துறவியர் நாட்டு மொழிகளைக் கற்பது எளிதன்றோ? அவர்கள் தொகுத்த இலக்கணங்களும் அகராதிகளும் இன்றும் அறிஞர்க்குக் கருவூலமாக விளங்குகின்றன.

ஆனால் காலம் செல்லச் செல்ல அந்த வசதி அதிகாரமாக மாறியது. அரசுக்கும் குடிகளுக்கும் இடையே பேசவல்லவர் பாதிரியார் ஒருவரே. குடியானவனின் முறையீடு அவர் வாய் வழியே மேலே செல்லும். அரசின் கட்டளை அவர் வாய் வழியே கீழே இறங்கும். இடையில் நின்றவர் அவ்விடத்தை எளிதில் விட்டுக்கொடுப்பாரா?

1863 டிசம்பர் 20ஆம் நாள் வெளிவந்த கல்வி ஆணை, ஊர்தோறும் ஆண்களுக்கு ஒன்றும் பெண்களுக்கு ஒன்றுமாகப் பள்ளி வேண்டும் என்றது. பாடமொழி ஸ்பானியம் என்றது. ஆசிரியப் பயிற்சிப் பள்ளி 1865இல் மணிலாவில் திறக்கப்பட்டது. பள்ளி தொடங்கிப் பதினைந்து ஆண்டு கழிந்தபின் ஸ்பானியம் அறியாதவர் ஊர்த்தலைவராக இயலாது என்றும் அவ்வாணை கூறியது. ஆனால் ஊர்ப் பள்ளியை மேற்பார்வையிடும் பொறுப்பு யாரிடம் ஒப்படைக்கப்பட்டது? அதே பங்குப் பாதிரியாரிடம்! பூட்டைத் திறக்கச் சொன்ன அரசு, சாவியைப் பூட்டியவரிடமே கொடுத்தது.

விளக்கும் விட்டிலும்

1861இல் கலம்பா என்னும் ஊரில் பிறந்த ரிசாலுக்கு முதல் ஆசிரியை அன்னை தெயோதோரா. பெண்கள் பலர் எழுத்தறியாதிருந்த அக்காலத்தில் அவ்வம்மையார் ஸ்பானியம் நன்கு கற்றவர். ஓரிரவு 'குழந்தைகளின் நண்பன்' என்னும் பொருளுடைய ஸ்பானியப் பாடநூலை மகனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். சிறுவனால் பொருளுணர்ந்து படிக்க முடியவில்லை. பக்க ஓரத்தில் படம் வரைந்து வைத்திருந்ததும் தெரிந்தது. அன்னை கடிந்துகொண்டார். பின்னர் நூலைத் தாமே எடுத்துப் படித்து, தாய் சொல் கேளாமல் விளக்கை நெருங்கி மாண்ட இளம் விட்டிலின் கதையைத் தகலோகு மொழியில் விளக்கினார். சிறுவனோ, எண்ணெய் விளக்கைச் சுற்றிப் பறந்த உண்மையான விட்டிலிலேயே கண்ணாயிருந்தான். அவ்விட்டிலும் விளக்கில் வீழ்ந்தது. பிற்காலத்தில் ரிசாலே எழுதிவைத்த நினைவு இது.

அந்த இரவில் நிகழ்ந்தது என்ன? சிறுவனின் வாய்க்கு ஸ்பானிய எழுத்து தெரிந்திருந்தது, பொருள் தெரியவில்லை. தாய்மொழியில் விளக்கியபோதுதான் ஏட்டில் இருந்த விட்டில் உயிர் பெற்றுப் பறந்தது. பின்பின் கையாண்ட முறையும் இதுவே அன்றோ! பின்னர் 1872இல் மணிலா சென்று உயர்பள்ளியில் சேர்ந்த ரிசால், தம் ஸ்பானிய அறிவு போதாது என்று கண்டு, நண்பகல் ஓய்வு நேரத்தில் வேறொரு கல்லூரிக்குச் சென்று மூன்று பெசோ கட்டணத்தில் தனிப்பாடம் கேட்டார்.

1887இல் பெர்லினில் 2000 படிகள் அச்சான 'நோலி மே தாங்கரே' என்னும் முதற் புதினத்தில் ஓர் ஊர்ப்பள்ளி ஆசிரியர் வருகிறார். அவருடைய மாணவர்கள் ஸ்பானிய நூல்களை முழுதும் நெட்டுருவாக ஒப்பிப்பர். ஒரு சொல்லுக்கும் பொருள் அறியார். பிள்ளைகளுக்குப் பொருள் விளங்கும்படி ஸ்பானியம் கற்பிக்க அவர் முயல்கிறார். ஊர்ப் பாதிரியார் அழைக்கிறார். ஆசிரியர் ஸ்பானியத்தில் வணக்கம் கூற, பாதிரியாரோ தகலோகிலேயே பதிலளித்து, இரவல் உடை உனக்கெதற்கு என்ற பொருள்பட எள்ளி நகையாடுகிறார். பாத்திரங்கள் கற்பனை, நிலைமை கற்பனையன்று. வாசகர் அதனை அறிந்ததாலேயே அந்நூல் தடை செய்யப்பட்டது.

மாலோலோஸ் நங்கையர்

புதினம் வெளிவந்த மறு ஆண்டே, 1888 டிசம்பர் 12ஆம் நாள், மணிலாவுக்கு வடக்கேயுள்ள மாலோலோஸ் ஊருக்குத் தலைமை ஆளுநர் வாலெரியானோ வெய்லர் வருகை தந்தார். பின்னாளில் கியூபாவில் குடியானவர்களை முகாம்களில் அடைத்துப் பெரும் பழியைத் தேடிக்கொண்டவர் இவரே. அவர் முன் இளம் பெண்கள் இருபது பேர் சென்று ஒரு விண்ணப்பத்தை நீட்டினர். அவர்கள் பொருள் கேட்கவில்லை, பதவி கேட்கவில்லை, வரிக்குறைப்பும் கேட்கவில்லை. ஸ்பானியம் கற்க ஓர் இரவுப் பள்ளி நடத்த இசைவு கேட்டனர்!

ஊர்ப் பாதிரியார் எதிர்த்தார், இசைவு மறுக்கப்பட்டது. நங்கையர் ஓயவில்லை. மீண்டும் மீண்டும் முயன்று 1889 பிப்ரவரியில் இசைவு பெற்றனர். ஆனால் நிபந்தனைகள் பல: செலவு அவர்களுடையது, ஆசிரியர் பெண்ணாக இருக்க வேண்டும், வகுப்பு இரவில் கூடாது, பகலில் நடக்க வேண்டும். அவற்றையும் ஏற்றுப் பள்ளியைத் தொடங்கினர். ஏறத்தாழ மூன்று திங்களில் அது மூடப்பட்டது.

அப்போது இலண்டனில் இருந்த ரிசாலுக்குச் செய்தி எட்டியது. அந்நங்கையரைப் பாராட்டி அவர் நீண்ட மடல் ஒன்று எழுதினார். எண்ணிப் பார்த்துத் தெளியும் அறிவை வளர்த்துக்கொள்ளவும், அடிமை மனம் இல்லாத பிள்ளைகளை வளர்க்கவும் அதில் வேண்டினார். ஸ்பானியம் கற்கத் துணிந்தவர்களைப் பாராட்டிய அம்மடலை அவர் எந்த மொழியில் எழுதினார்? தகலோகில்! நெஞ்சோடு நெஞ்சு பேச அவருக்குத் தாய்மொழி வேண்டியிருந்தது.

இந்த முரண்பாட்டை அவர் மறைக்கவுமில்லை. 1891இல் கெண்ட் நகரில் அச்சான இரண்டாம் புதினத்தில், மாணவர்கள் ஸ்பானியக் கல்விக்கழகம் அமைக்கப் போராடுகின்றனர். சிமோன் என்னும் பாத்திரமோ அதனை இகழ்கிறது. மக்களில் பெரும்பாலோர் ஒருநாளும் பேசப்போகாத மொழியைப் பொதுமொழி ஆக்க முயல்வது தம் அடையாளத்தைத் தாமே அழித்துக்கொள்வதாகும் என்கிறது. இரு பக்கத்துக்கும் வலிமையான வாதம் தந்துவிட்டு, தீர்ப்பை வாசகரிடமே விட்டுவிட்டார் ஆசிரியர்.

ஆனால் நிகழ்ச்சிகள் அதற்குள் விரைந்தன. இளமையில் பெற்றோரை இழந்து, விசிறியும் கைத்தடியும் விற்றுப் பிழைத்த அந்திரேஸ் பொனிபாசியோ, தானே முயன்று ஸ்பானியம் படித்தார். ரிசாலின் புதினங்களையும் பிரெஞ்சுப் புரட்சி வரலாற்றையும் அம்மொழியில் பயின்றார். 1892இல் விடுதலைக்கான 'கத்திப்பூனான்' என்னும் மறைவியக்கத்தைத் தோற்றுவித்தவருள் தலையானவர் அவரே. 1899இல் அதே மாலோலோஸ் ஊரில் பிலிப்பைன் குடியரசு தன் அரசியல் சட்டத்தை ஸ்பானிய மொழியில் எழுதிக்கொண்டது. ஆண்டவர் மறைத்து வைத்த மொழி, ஆளப்பட்டவர் கையில் கருவியாயிற்று.

கதவு திறந்தபின்

ஸ்பெயின் போயிற்று, அமெரிக்கா வந்தது. 1901இல் 'தோமஸ்' என்னும் கப்பலில் ஏறத்தாழ ஐந்நூறு ஆசிரியர்கள் வந்திறங்கினர். பள்ளிகளில் ஆங்கிலம் நிறைந்தது. ஸ்பானியம் பழைய குடும்பங்களிலும் நீதிமன்றங்களிலும் ஒதுங்கியது.

நாடு விடுதலை பெற்றபின் மற்றொரு வேடிக்கை நிகழ்ந்தது. 1952இல் ஒரு சட்டம் கல்லூரி மாணவர்க்கு ஸ்பானியத்தைக் கட்டாயமாக்கியது. 1957இல் மற்றொரு சட்டம் சில பிரிவினர்க்கு அதன் பாட அளவை இரு மடங்காக்கியது. முன்பு இருபது நங்கையர் மன்றாடிக் கேட்டும் கிட்டாத பாடத்தை இப்போது ஆயிரமாயிரம் மாணவர் வேண்டா வெறுப்பாகப் படித்தனர். தேர்வு முடிந்ததும் மறந்தனர். 1956இல் ரிசாலின் புதினங்களை மாணவர் அனைவரும் பயில வேண்டும் என்றும் சட்டம் வந்தது. பெரும்பாலோர் அவற்றை ஆங்கிலத்திலும் தகலோகிலும் பெயர்த்த நூல்களாகவே படித்தனர். 1987ஆம் ஆண்டு அரசியல் சட்டம், ஸ்பானியத்தை விரும்புவோர் கற்கலாம் என்ற அளவில் நிறுத்திவிட்டது.

எனினும் அம்மொழி அடியோடு மறையவில்லை. சம்போவாங்கா நகரில் ஸ்பானியம் கலந்து பிறந்த 'சவகானோ' மொழி வாழ்கிறது. தகலோகில் கிழமைப் பெயர்கள் பெரும்பாலும் ஸ்பானியம். மேசையும் கரண்டியும் நூலும் ஸ்பானியப் பெயர் தாங்கியவை. 'மேசா' என்று அவர்கள் சொல்வதை மலாய்க்காரர் 'மேஜா' என்றும் நாம் 'மேசை' என்றும் சொல்கிறோம். நமக்கும் மலாய்க்காரர்க்கும் அச்சொல் வந்தது ஸ்பானியத்தின் உடன்பிறப்பாகிய போர்ச்சுகீசியத்திலிருந்து. கடல்வழி வந்த சொற்கள் யாருடைய ஆணைக்கும் காத்திராமல் வீட்டினுள் புகுந்து அமர்ந்துகொண்டன.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? தடை போட்டு ஒரு மொழியை மறைத்து வைத்தபோது, கற்க விரும்பியோர் விளக்கடியிலும் தனிப்பாடத்திலும் அதைத் தேடிக் கற்றனர். சட்டம் போட்டு ஊட்டியபோது, விருப்பமில்லாதோர் உமிழ்ந்துவிட்டனர். ஐந்து உயிரொலியை வாய்க்குப் பழக்கச் சில வாரம் போதும். அந்த ஒலிக்குள் தமக்கென ஒரு செய்தி இருக்கிறது என்ற எண்ணம் பிறந்தால் ஒழிய, படிப்பு ஒப்பித்தலாகவே நின்றுவிடும். அந்த எண்ணத்தைத் தருவது பெரும்பாலும் தாய்மொழி என்பதைப் பின்பினின் பாடலும், தெயோதோரா அம்மையார் சொன்ன விட்டில் கதையும், ரிசாலின் மடலும் ஒருமுகமாகக் காட்டுகின்றன.

மாலோலோஸ் பள்ளி மூன்று திங்களே நடந்தது. ஆனால் அது நடந்தது. ஆற்றங்கரையில் ரிசாலின் நினைவுச் சின்னத்தைக் காண நேரும் அன்பர்கள், அவரோடு அந்த இருபது நங்கையரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வார்களாக.